ஜமால் பாயின் நோன்பு மாதச் சமையல்

எனக்குப் போன் மணி அடித்தாலே கெட்ட செய்திதான் என்று தோன்றும். அதுவும் ஃப்ரீவேயில் காரோட்டும்போது வந்தால் கேட்கவே வேண்டாம். போன வாரம் காலையில் மரியம் அக்கா கூப்பிட்டார். "பாய் மௌத்தாயிட்டாங்கம்மா. ஹார்ட் அட்டாக். அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். டிரைவ் பண்றீங்களா? மொதல்ல ஓரமா நிறுத்துங்க" என்றார். கணவரை இழந்த அன்றும் என் பதற்றத்தை நினைத்துக் கவலைப்பட்டார். காரை ஓரங்கட்டிவிட்டு அழுதேன்.

ஹூஸ்டனில் ஜமால் மரைக்காயரின் பிரெஞ்சு உணவகத்தில் சாப்பிட்டவர்களுக்கு அவர் கைப்பக்குவம் தெரியும். காரைக்காலில் பிறந்தவர். பாட்டனார் காலத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பதினெட்டு வயதில் லியோனுக்குப் போய், இருபது வருடம் அங்கே பெரிய சமையலறைகளில் நின்றவர். வைன் ஊற்றாமல் பிரெஞ்சு சாஸ் வராது என்று அங்கே எல்லாரும் சொன்னார்கள். இவர் புளிப்புப் பச்சைத் திராட்சையைப் பிழிந்து, சுண்டக் காய்ச்சிச் செய்து காட்டினார். அவர்கள் ஆரஞ்சு சேர்க்கும் வாத்துக் கறியில், ஹூஸ்டனுக்கு வந்தபின் ஹில்க்ராஃப்ட் தெரு இந்திய மளிகைக்கடையில் வாங்கிய உப்பு நார்த்தங்காயைச் சேர்த்தார். அந்த வாத்துக்காக மூன்று மணி நேரம் காரோட்டி ஆஸ்டினிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

நான் 2001-இல் சாஃப்ட்வேர் வேலை பறிபோனவள். ரெஸ்யூமே அனுப்பி அலுத்துப்போய், மறு வருடம் அவர் உணவகம் திறந்தபோது நிர்வாகம் பார்க்கச் சேர்ந்தேன். கவலைப்படுவதும் என் வேலையில் பாதி. 2003-இல் ஈராக் போரை பிரான்ஸ் எதிர்த்ததும் இங்கே பலருக்கு அந்த நாட்டின் பெயரே கசந்தது. டேபிள் புக் செய்தவர்கள் கேன்சல் செய்தார்கள். "பாய், போர்டுல ஃபிரெஞ்ச்ங்கிறதை மட்டும் எடுத்துரலாமே" என்று கெஞ்சினேன்.

"முஸ்லிம்னு ஒருத்தன் மொறைக்கிறான், ஃபிரெஞ்ச்னு இன்னொருத்தன் மொறைக்கிறான். எதை எதைம்மா எடுக்கிறது? கடைசில அடுப்புதான் மிஞ்சும்" என்று சிரித்தார். போர்டு அப்படியே இருந்தது. எனக்குத்தான் தூக்கம் போனது.

ரமலான் மாதத்தில் நோன்பு வைத்துக்கொண்டே சமைப்பார். சமைப்பவர் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பலாம், தடையில்லை என்று மார்க்கம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். "துப்புறதுக்குன்னு நான் சமைக்கலையே" என்பார். அதனால் சூரியன் மறையும்வரை அவருக்குப் பதில் ருசி பார்த்தது நோன்பில்லாத நான். கரண்டியை நீட்டி, "சொல்லுங்கம்மா" என்பார். நான் சொல்வதுதான் முடிவு. முப்பது நாளும் எனக்குப் பரீட்சை எழுதுவது மாதிரி இருக்கும்.

2007 ரமலானில் எனக்குக் கடுமையான சளி. மூக்கடைத்து, நாக்கில் எதுவும் உறைக்கவில்லை. சொன்னால் பாய் பதறிவிடுவார் என்றுதான் மறைத்தேன் என இத்தனை நாளும் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. அந்தச் சமையலறையில் நான் தேவைப்பட்டது அந்த ஒரு வேலைக்குத்தான். அதை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

அப்படிச் சளியோடு இருந்த ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு, உள்ளூர்ப் பத்திரிகையில் உணவகங்களைப் பற்றி எழுதுபவர் வந்து உட்கார்ந்தார். வாத்து கேட்டார். நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அன்றுதான் புது நார்த்தங்காய்ப் பாக்கெட் பிரித்திருந்தார்கள். பாக்கெட்டுக்குப் பாக்கெட் உப்பு மாறும். பாய் கரண்டியை நீட்டினார். வாயில் வைத்தேன், வெந்நீர் குடித்தது போல இருந்தது. வேறு யாரையாவது பார்க்கச் சொல்லியிருக்கலாம். "கரெக்டா இருக்கு பாய்" என்றேன்.

தட்டு மேசைக்குப் போய், பாதி மிச்சத்தோடு திரும்பி வந்தது. நோன்பு திறந்து, பேரீச்சம்பழமும் தண்ணீரும் உள்ளே போனதும், பாய் சட்டியில் மீந்திருந்த சாஸை எடுத்து வாயில் வைத்தார். முகம் மாறியது. என்னைப் பார்த்தார். நான் டிஷ்யூவால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஆவி புடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து விமர்சனம் வந்தது. உப்பு கரித்ததாம். இந்த செஃப் தன் சமையலைத் தானே ருசி பார்ப்பதில்லை போலிருக்கிறது என்று ஒரு வரி. அடுத்தடுத்த வாரங்களில் மேசைகள் காலியாகக் கிடந்தன. கடையை மூட வேண்டிவருமோ என்று தினமும் கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "நோன்புன்னு எடுத்துச் சொல்லுங்களேன், புரிஞ்சுக்குவாங்க" என்றார் மரியம் அக்கா.

"நடந்த தப்பை நோன்பு மேல போடவா?" என்று கேட்டார் பாய்.

பிறகு பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் டைப் செய்தேன். "அன்னைக்கு உப்பு கூடினது நெசம். சமைச்சவன் நான். தப்பு என்னுது. இன்னொரு தடவை வாங்க." அவ்வளவுதான் கடிதம். அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டார்.

கடிதம் அச்சில் வந்தது. ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினார்கள், உணவகம் பிழைத்தது. அந்த விமர்சகர் மட்டும் வரவே இல்லை. அடுத்த ரமலானில் முதல் நாளே பாய் கரண்டியை என்னிடம்தான் நீட்டினார். வேறு யாரையும் தேடவில்லை. நான் இரண்டு தடவை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

நேற்று அதே பத்திரிகை அவருடைய மறைவுச் செய்தியைப் போட்டிருக்கிறது. லியோன், பச்சைத் திராட்சை, வாத்து எல்லாம் எழுதிவிட்டு, ஒருமுறை உப்பில் தவறியதைத் தாமே ஒப்புக்கொண்டவர் என்றும் எழுதியிருக்கிறார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்குத்தான் அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன். அன்று ருசி பார்த்தது நான். எனக்கு ருசி தெரியவில்லை, தெரிந்தது என்று சொன்னேன். பாய் இரண்டு வருடம் அந்தத் தவறைத் தன் பெயரில் வைத்துக்கொண்டார், அதோடுதான் போயும் சேர்ந்தார். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தத் தவறு ஒன்றைத்தான். அது என்னுடையது.