இத்வாலின் கடைசிப் பெட்டி

என் தம்பி இத்வால் சிலேட்டுக் குவாரியில் கல் பிளந்தவன். அவனும் கல்யாணம் கட்டவில்லை, நானும் கட்டவில்லை. அம்மா விட்டுப்போன வீட்டில் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டே கிழடானோம். வீட்டுக்குப் பின்னால், மலைச்சரிவில், அவனுடைய தேனீப்பெட்டிகள் இருந்தன. வேல்ஸில் எங்கள் பக்கத்து வழக்கப்படி, வீட்டில் சாவு விழுந்தால் வாசல் சாவியால் பெட்டியைத் தட்டித் தேனீக்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவையும் போய்விடும்.

தேனீக்களுக்கு உண்ணி பிடித்த நாளிலிருந்து, எல்லாரையும் போல அவனும் வருஷா வருஷம் பெட்டிக்குள் மருந்து தோய்த்த நாடாப் பட்டை வைத்தான். ஒரு வருஷம் திடீரென்று நிறுத்திவிட்டான். அந்தக் குளிர்காலத்தில் பாதிப் பெட்டிகள் செத்தன. அவனைப் பிடித்து ஏசினேன்.

“கசாப்புக்காரன்கூடக் கத்தி எடுத்துத்தான்டா வெட்டுவான். நீ கையக் கட்டிக்கிட்டே கொல்றியே, பாவி!”

“எல்லா ஈயும் ஒரே மாதிரியாக்கா பொறக்குது? ஏதோ ஒரு கூட்டுக்கு உண்ணியக் கடிச்சுப் போடுற குணம் பொறப்புலயே இருக்கும். அது பொழைக்கும். அந்த ராணி பெத்த ராணிங்களுக்கும் அந்தக் குணம் வரும். நான் மருந்து வெச்சா எல்லாமே பொழைச்சுடும். எந்தக் கூட்டுக்குத் தெம்பு இருக்குன்னு கடைசிவரைக்கும் தெரியாது.”

“செத்ததுங்களும் அதைக் கத்துக்க வேண்டியதுதானே?”

“யாரும் கத்துக்கிறதில்லக்கா. இருக்கிறது தங்குது, இல்லாதது போகுது. மருந்துக்குச் சாகாத உண்ணியும் அப்படித்தான் பெருகுச்சு.”

பேச்செல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செத்த ஈக்களைப் பெருக்கித் தள்ளிய நாட்களில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் நான்தான் பார்த்தேன்.

கடைசியில் ஒரே பெட்டி மிஞ்சியது. அதன் அடித்தட்டை உருவிக்கொண்டு வந்து சமையல் மேசைமேல் வைத்தான். உதிர்ந்து கிடந்த உண்ணிகளுக்குக் கால்கள் இல்லை, ஈக்கள் கடித்துப் போட்டிருந்தன.

“இந்த ஒண்ணும் போச்சுன்னா?” என்றேன்.

“எல்லாம் வீண்தான்” என்றான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அதற்குள் குவாரித் தூசி அவன் நுரையீரலைத் தின்றுவிட்டது. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, “உனக்கு மட்டும் மருந்து எதுக்குடா?” என்று குத்தினேன்.

சிரித்தான், இருமினான். “நான் யாருக்கும் அப்பன் இல்லையேக்கா. என் குணம் என்னோட போயிடும். அதுங்களுது அப்படியா? அந்தப் பெட்டிக்கு மட்டும் பட்டை வெச்சுடாதே.”

பனி கொட்டிய ஒரு காலையில் போய்ச் சேர்ந்தான். எனக்கு முன்னால் போக அவனுக்கு என்ன அவசரம்?

சாவியை எடுத்துக்கொண்டு சரிவேறினேன். மனசு கேட்காமல், ஒரு மருந்துப் பட்டையையும் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். வழக்கம் வழக்கம்தான். வெறும் பெட்டிகளையும் விடாமல் தட்டிச் சொன்னேன். கடைசிப் பெட்டியைத் தட்டினேன். சத்தமே இல்லை. பனியைத் துடைத்துவிட்டுப் பலகையில் காதை வைத்து மறுபடி தட்டினேன்.

உள்ளே, ஆழத்தில், ஒரு முனகல் எழுந்து, பெருகி, என் கன்னம் அதிர்ந்தது.

பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். பைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

“இத்வால் போயிட்டான்டி,” என்றேன். “மருந்து கொண்டாந்தேன், தரமாட்டேன். அவன் சொன்னது நெசம்னா, நீங்க இருந்து காட்டுங்கடி.”