நகராவுக்கும் பாங்குக்கும் நடுவில்

எங்கள் தெருப் பள்ளிவாசலில் ஒரு நகரா இருந்தது. என் இடுப்பு உயரத்துக்குப் பெரிய முரசு. தொழுகை நேரம் வந்தால் மோதினார் முதலில் நகராவை அடிப்பார், உடனே பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பார். நகரா மட்டும் ஒலித்து, பாங்கு வராவிட்டால் யாரோ மவுத், இறந்துவிட்டார் என்று அர்த்தம். திண்டுக்கல்லில் மற்ற பள்ளிகளில் எப்படியோ, எங்கள் ஜமாத்தில் அதுதான் வழக்கம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நோன்பு மாதம். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, விஷக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெளியூர் மதரசாவிலிருந்து லீவில் வந்திருந்த அண்ணனுக்குத் தன் அரபியைக் காட்ட நான்தான் கிடைத்தேன்.

"நகராங்கிறது அரபிலருந்து வந்தது. தட்டுறதுன்னு அர்த்தம். கியாமத்து அன்னைக்கு ஊதுற கொம்புக்கும் அதே வேருலருந்துதான் பேரு" என்றான்.

உலகம் அழியும் நாளின் கொம்பு. அன்றிலிருந்து நகரா ஒலித்தாலே, பாங்கு வரும்வரை பயந்துகொண்டு விரல் விட்டு எண்ணுவேன்.

ஒரு சாயங்காலம் மலைக்கோட்டைப் பக்கம் மேகம் கட்டி இருட்டிவிட்டது. நகரா ஒலித்தது. நோன்பு திறக்கலாம் என்று அம்மா பேரீச்சம்பழத்தைக் கடித்து விழுங்கினாள். பாங்கு வரவில்லை.

அம்மாவின் கை கஞ்சிக் கோப்பையிலேயே நின்றது. அண்ணன் செருப்புக்கூடப் போடாமல் பள்ளிவாசலுக்கு ஓடினான். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். கியாமத்தாகவே இருக்கட்டும், அத்தாவாக மட்டும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவ்வளவு பயம்.

அண்ணன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். "மவுத்தெல்லாம் இல்லம்மா. மேகத்தப் பாத்து ஏமாந்து மோதினாரு முன்னாடியே அடிச்சுட்டாரு. பாங்கு சொல்லப் போகையில கடியாரத்தக் காட்டி நிறுத்திட்டாக."

நோன்பு போச்சே என்று தெருவே மோதினாரைத் திட்டித் தீர்த்தது. அம்மா மட்டும், "போனாப் போகுது, நோன்பு முடிஞ்சு இன்னொரு நாள் களா வச்சுக்கிறலாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தா பிழைத்து வந்தார். என் பயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"குருவி கொத்துறதுக்கும் அரபில அதே சொல்லுதாம்மா. ஒங்கண்ணன் அதச் சொல்லலையாக்கும்."

சில வருஷம் கழித்து அத்தாவுக்காகவே அந்த நகரா ஒலித்தது. நடுவீட்டில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். அப்படியும், அடுத்து பாங்கு வந்துவிடும் என்று காத்திருந்தேன்.