வலது கால் செருப்பு

தேனிச் சந்தைத் தெருவில்தான் முதலில் கவனித்தேன். வலது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. திரும்பிப் போய் மாட்டிக்கொண்டேன். வெங்காய மண்டியைத் தாண்டுவதற்குள் மறுபடி கழன்றது. கடைசியில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறினேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வார் தளர்ந்துவிட்டது என்று, யாரும் கேட்காமலே சொன்னேன்.

அன்றே செருப்பைத் தைக்கக் கொடுத்தேன். அடுத்த வாரம் வேறொருவரிடம் கொடுத்து இன்னும் இறுக்கினேன். காலை மட்டும் யாரிடமும் காட்டவில்லை. இதே நிலையில் யாராவது இருந்தால், செருப்பைத் தைப்பதற்கு முன் பாதத்தைப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அடுத்தவர் கால்களைப் பார்ப்பதுதான் என் தொழிலே என்பதை நினைத்தால் இன்றும் முகம் சுருங்குகிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருடம் அது. வடக்கே ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில், காயம்பட்ட சிப்பாய்களின் கைகால்களை நீவி, மடக்கி நீட்டி, நடக்கப் பழக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியிருந்தேன். அந்த வேலைக்கு அப்போது எங்கள் பக்கம் ஒரு பெயர் கிடையாது. ஜெயமங்கலத்துச் சொந்தக்காரர்கள், கால் பிடிக்கவா பட்டாளத்துக்குப் போனாய் என்று கேலி செய்வார்கள். தேனிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார். ஏலத்தோட்டத்தில் சறுக்கி விழுந்தவர்கள், தென்னையிலிருந்து விழுந்தவர்கள், பக்கவாதம் (உடம்பின் ஒரு பாதி செயலிழந்து போவது) வந்தவர்கள் என்னிடம் வருவார்கள்.

கேலி எனக்கு உறைக்காததற்குக் காரணம் என் உடம்பு. விடிந்ததும் தண்டால், பஸ்கி (குத்தவைத்து எழும் பயிற்சி), பிறகு வாய்க்காலில் எதிர்நீச்சல். வேட்டியை எப்போதும் மடித்துத்தான் கட்டுவேன். கெண்டைக்கால் தெரியட்டும் என்றுதான். வேறு காரணம் சொன்னால் பொய்.

ஆஸ்பத்திரியில் கட்டில்கள் இருந்தன. ஆனால் என்னிடம் வந்தவர்கள் கட்டிலில் ஏற மாட்டார்கள். அதில் ஏறியவர்களைத் தூக்கிக்கொண்டுதான் போவார்கள் என்று பயம். தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள். தகப்பன் வயதுக்காரர் தரையில் கிடக்கும்போது நான் ஸ்டூல் போட்டு உட்கார முடியுமா? பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துதான் வேலை பார்ப்பேன். பாய் மாறிப் பாய், காலையிலிருந்து பொழுது சாயும்வரை. என்னைப் போல் யாராலும் உட்கார முடியாது என்று அதிலும் ஒரு பெருமை.

செருப்பை இரண்டாம் முறை தைத்த பிறகும் கழன்றதால், ஒருநாள் மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குதிகாலால் நடந்து பார்த்தேன். நோயாளிகளை நான் சோதிக்கும் முறைதான் அது. இடது முன்பாதம் எழுந்தது. வலது முன்பாதம் தரையை விட்டு எழவே இல்லை. பாதத்தொய்வு (பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கிப்போவது). பெயர் தெரியும். எனக்கு வந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

கால் சோம்பிவிட்டது, உழைப்பு போதவில்லை என்று முடிவு கட்டினேன். பஸ்கியைக் கூட்டினேன். வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டினேன். கால் மேலும் மோசமானது.

என் மனைவி செல்லம் ஒரு சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நீங்க வர்றது இப்பல்லாம் தெரு முனையிலயே தெரிஞ்சுபோகுது. ஒத்தக் காலு மட்டும் தப்பு தப்புனு அடிக்குது. எங்கிட்டயும் எதுக்கு மறைக்கிறீக?"

சுளுக்கு என்றேன். அவள் அதை நம்பவில்லை என்பது, இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிய வேகத்திலேயே தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலையில், ஒத்தடம் கொடுக்க வெந்நீர் வாளியோடு வந்தபோது நிலைப்படியில் பெருவிரல் இடறி, எல்லார் முன்னாலும் குப்புற விழுந்தேன். நல்லவேளையாக வெந்நீர் முற்றத்துப் பக்கம் கொட்டியது. தாழ்வாரத்தில் படுத்திருந்த நோயாளிகள் என்னைத் தூக்கிவிடக் கை நீட்டினார்கள். அந்தக் கைகளைப் பார்த்ததும் தரையோடு தரையாகப் போய்விட மாட்டோமா என்று இருந்தது.

டாக்டர் என்னை உள்ளே அழைத்து முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்க எலும்பு முண்டில் விரலால் தட்டினார். புறங்கால் வரை சுரீர் என்று ஓடியது. தினமும் எவ்வளவு நேரம் குத்தவைக்கிறாய் என்று கேட்டார். வேலை நேரம் முழுக்க என்றேன். பஸ்கியைக் கூட்டியதையும் சொன்னேன்.

"அந்த இடத்துல நரம்பு எலும்பை ஒட்டி ஓடுது. காலை மடக்கி மடக்கி அதை நசுக்கிட்டே. போதாததுக்கு அதையே மருந்துன்னு வேற நெனச்சிருக்கே" என்றார்.

நரம்பு அறுந்திருக்காது, அமுங்கித்தான் இருக்கிறது. திரும்பி வர மாதக்கணக்காகும், வராமலும் போகலாம் என்றார். அதுவரை குத்தவைக்கவே கூடாது. ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்க்க முடிந்தால் இருக்கலாம், முடியாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

குத்தவைக்கக் கூடாது என்றால் என்ன அர்த்தம் என்று மறுநாள் காலையில்தான் புரிந்தது. காட்டுப்பக்கம் போக முடியாது. செல்லம் ஆசாரியிடம் சொல்லி, நடுவில் ஓட்டை போட்ட ஒரு முக்காலி செய்து வாங்கினாள். அடியில் வைக்கும் சட்டியை அவளே எடுத்துப்போய்க் கொட்டினாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பல நாள் அவள் முகத்தைப் பார்த்து நான் பேசவில்லை.

பாதத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு வார் உண்டு. கெண்டைக்காலைச் சுற்றி ஒரு தோல் பட்டை. அதிலிருந்து செருப்பின் முனைக்குச் சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் துண்டு. நோயாளிகளுக்கு நானே செய்து கொடுத்தவைதான். எனக்கும் ஒன்று செய்து, வேட்டிக்குள் மறைத்துக் கட்டினேன். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுமுன் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, பஸ் வரை காலை இழுத்துக்கொண்டே போவேன்.

பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துபோன பேச்சியம்மாள் அப்போது என்னிடம் சிகிச்சையில் இருந்தார். கம்பத்துப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் கால் தேறாதது எனக்குப் பெரிய எரிச்சல். சோம்பல் என்றே நினைத்திருந்தேன். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பதற்காக, கட்டிலில் ஏறிப் படுக்கச் சொன்னதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கட்டில்ல ஏறுனவுகள எப்படிக் கொண்டு போனாகன்னு நான் பாத்திருக்கேன். நீ எப்பவும்போல இங்கன கீழ உக்காருய்யா."

டாக்டர் அறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் ஏறாவிட்டால் வேறு யாரும் ஏற மாட்டார்கள். என் வேலை அதோடு முடிந்தது. வேறு வழி தோன்றவில்லை. வேட்டியை முழங்கால் வரை மடித்துக் கட்டினேன். முன்காலில் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. அதன் கீழே வார்.

"என்னால கீழ உக்கார முடியாது ஆத்தா."

அவர் வெகுநேரம் காலையே பார்த்தார்.

"எனக்குக் கட்டிவிட்ட அதே வாரா?"

"அதேதான்."

"தெருவுல கட்டிக்கிட்டுப் போவியா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. வாசலிலேயே கழற்றிவிடுவேன் என்றேன். அவர் வாயின் நல்ல பக்கத்தால் சிரித்தார்.

"நானும் நீ வரும்போதுதான் கட்டுறது. நீ அங்கிட்டுப் போனதும் கழட்டித் தலமாட்டுல வச்சுருவேன். பாக்க வர்றவுக முன்னால எப்படிய்யா கட்டுறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கால் ஏன் தேறவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதைவிட, அவரும் நானும் ஒரே மாதிரி ஒளிந்துகொண்டிருந்திருக்கிறோம் என்பது.

"நான் கட்டில்ல ஏறுறேன். நீ அதக் கழட்டாம பஸ்ஸுக்குப் போ. சன்னல் வழியா பாப்பேன்" என்றார்.

அன்று சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டியபடியே வாசலைத் தாண்டினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் காலைப் பார்த்தார்கள். காது மடல் வரை சுட்டது. ஒருவர் என்னவென்று கேட்க, பாதி விழுங்கிப் பாதி சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது சன்னலில் பேச்சியம்மாளின் முகம் இருந்தது. மறுநாள் அவரைப் பார்க்க உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர் காலில் வார் இருந்தது.

மழைக்காலம் போய்ப் பனி விழத் தொடங்கியபோது, ஒருநாள் விடியலில் செல்லம் என் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பெருவிரல் அசைந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு, விரலைப் பிடித்துக்கொண்டாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தேன்.

பாதம் முக்கால்வாசி திரும்பி வந்திருக்கிறது. முன்பெல்லாம் சொன்னதைச் செய்வதுதான் உடம்பு என்று நினைத்திருந்தேன். இப்போது விடிந்ததும் தண்டாலுக்கு முன்னால் விரலை அசைத்துப் பார்க்கிறேன். அன்று எவ்வளவு வருகிறதோ, அன்றைய பொழுது அவ்வளவுதான். நோயாளிகளிடம் இன்னும் கொஞ்சம் முயற்சி செய் என்று சொல்வதை விட்டுவிட்டேன். நேற்று வந்த அளவு இன்றும் வருகிறதா என்று மட்டும் கேட்கிறேன்.

களைத்த நாளில் செருப்பு இன்னும் கழல்கிறது. போன வாரம் தேனிச் சந்தைத் தெருவில், அதே வெங்காய மண்டிக்கு முன்னால் கழன்றது. கூச்சம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். யார் பார்க்கிறார்கள் என்று கண் தானாகத் தேடியது. ஆனால் கையில் எடுத்துக்கொண்டு ஓடவில்லை. பைக்குள்ளிருந்து வாரை எடுத்து, வேட்டியை மடித்துக் கட்டி, நடுத்தெருவில் நின்று அதை மாட்டிக்கொண்டேன்.