முதல் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்

ஆட்சி மாறியதும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பத்து மணிக்குமேல் கடைகள் கூடாது என்றார்கள். பதினேழில் பதினாறு மூடின. டீக்கடை மட்டும், பயணிகள் இருக்கும்வரை திறந்திருக்கலாமாம். மனைவி போனபிறகு தூக்கமில்லாத எனக்கு அந்தக் கடை பெஞ்சுதான் இரவுத் துணை.

முதல் நாள் பதினொன்றரைக்கு நான் ஒருவன்தான் மிச்சம். காவலர் வந்தார்.

"பெரியவரே, வூட்டுக்குப் போங்க. கடைய மூடணும்."

"அரியலூர் பஸ்ஸுக்கு உக்காந்திருக்கேன்."

"கடைசி பஸ் போயிடுச்சுங்க."

"நாலரைக்கு முதல் பஸ் வரும்ல? நான் பயணிதானே?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். கடைக்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பாலை மறுபடி அடுப்பில் ஏற்றினார்.

நாற்பத்தொரு இரவுகளாக அந்த முதல் பஸ்ஸில் நான் ஏறவில்லை. இன்றும் ஏறமாட்டேன்.