ஆடியில் போன தவுக்கே

ஆவி அடங்குவதற்கு முன்பே விரல்கள் வெந்த கோழியை நார் நாராகப் பிரித்துக்கொண்டிருந்தன. தோல் இல்லை, கொழுப்பு இல்லை, ஒரு கல் உப்பும் இல்லை. பிரித்ததைப் பொடியாகக் கொத்தி, குழைந்த சோற்றோடு எடைபார்த்து, முட்டை வெள்ளைக்கருவும் டாக்டர் கொடுத்த பொடியும் சேர்த்துப் பிசைந்ததும், பல் போன வாய்க்கும் வழுக்கிப் போகிற பதம் வந்தது.

அந்த வாய் தவுக்கேயுடையது. கிள்ளான் பூனைக் காப்பகத்தில் பதினான்கு வயதைத் தாண்டிய ஆண் பூனை, சிறுநீரகம் பழுது. மலேசியாவில் தவுக்கே என்று சொல்கிற கடை முதலாளி மாதிரி யாரையும் சட்டை பண்ணாமல் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். விரல்கள் உஷாராணியுடையவை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளுக்கு உப்பை எடைபார்த்துப் போட்டவள், பணி ஓய்வுக்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸிலிருந்து வாரம் மூன்று நாள் கொமுட்டர் ரயிலேறி தவுக்கேக்குச் சமைத்துக்கொண்டு போனாள்.

ஆனிக் கடைசியில், காப்பகத்தை நடத்தும் சிவநேசன், அவனை அவளே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டார். அவளுக்கும் அதுதான் ஆசை. ஆனால் ஆடி பிறக்க இரண்டே நாள் இருந்தது; வீட்டைத் தயார்பண்ண அது போதாது. ஆடியில் ஒரு ஜீவனைப் புதிதாக வீட்டுக்குள் கொண்டுவருவதா? ஆவணி பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஆடி முதல் தேதியே வசுந்தரா வந்து தவுக்கேயைத் தூக்கிக்கொண்டு போனாள். கிள்ளானிலேயே வீடு, யாழ்ப்பாணக் குடும்பம். இந்த நாளில் எப்படி மனசு வந்தது என்று உஷாராணி கேட்டதற்கு, ஆடிப்பிறப்பு அவர்கள் வீட்டில் கூழும் கொழுக்கட்டையுமாகக் கொண்டாடும் நாள் என்று பதில் வந்தது. அன்றைக்குக் காப்பகத்திலிருந்த எல்லாருக்கும் கொழுக்கட்டை கிடைத்தது. உஷாராணி தன் பங்கைத் தொடவில்லை.

சமையல் குறிப்பை மட்டும் எழுதிக் கொடுத்தாள். அளவெல்லாம் சரி. கடைசி வரியை எழுதவில்லை. மறந்துபோய் விட்டதல்ல.

மறுநாளே வசுந்தராவிடமிருந்து கைப்பேசியில் படம் வந்தது. நீல வெல்வெட் மெத்தையில் தவுக்கே. உஷாராணி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். இந்த வெயிலில் வெல்வெட்டா என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நான்காம் நாள் காலையில் சிவநேசன் கூப்பிட்டார். தவுக்கே இரண்டு நாளாக வாயே வைக்கவில்லையாம். இன்றைக்கும் சாப்பிடாவிட்டால் காப்பகத்துக்கே திரும்ப எடுத்துக்கொள்வதாக வசுந்தராவிடம் சொல்லியிருக்கிறாராம். உஷாராணிக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆவணி ஒன்று என்ன கிழமை என்று நாட்காட்டியைப் புரட்டவே போய்விட்டாள்.

"ஆனா கிட்னி கேஸ் பட்டினி தாங்காதுன்னு டாக்டர் சொல்றாருக்கா. அதுக்குள்ள போய்ச் சேர்ந்திருமோன்னுதான் பயமா இருக்கு," என்றார் சிவநேசன்.

புரட்டிய தாள் கையிலேயே நின்றது. பிறகு அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

டப்பாவைச் சூடு ஆறாமல் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே கிள்ளான் போய்ச் சேர்ந்தாள். கதவைத் திறந்த வசுந்தராவின் கண்கள் வீங்கியிருந்தன.

"நீங்க எழுதுன மாதிரியேதான் செஞ்சேன் அக்கா. மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் படுத்துக்கிறான் லா."

நீல மெத்தையில் தவுக்கே பாதியாகக் கிடந்தான். உஷாராணி பேர் சொன்னதும் காது மட்டும் திரும்பியது. அந்தக் காது திரும்பியதே உஷாராணிக்குப் பெருமையாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

"நீங்களே ஒரு வாய் குடுங்க அக்கா. உங்ககிட்டன்னா சாப்பிடுவான்."

சாப்பிடுவான்தான். கை தானாக நீண்டது. இன்றைக்குத் தான் கொடுத்தால், நாளைக்கு யார் கொடுப்பது? உஷாராணி துண்டை அவிழ்த்து, மணிக்கட்டில் ஒரு துளி வைத்துச் சூடு பார்த்தாள்.

"நான் ஒண்ணு எழுதாம விட்டுட்டேன்," என்றாள். "வேணும்னுதான் விட்டேன். இந்தச் சூட்டுல கொஞ்சம் எடுத்து அவன் முன்னங்கால்ல தடவுங்க. நக்கி ருசி பார்த்தாதான் தட்டுக்கு வருவான்."

வசுந்தராவின் முகம் ஒரு கணம் மாறியது.

"ஆறிடப் போகுது," என்று சொல்லி, உஷாராணி டப்பாவை அவள் இரண்டு கைகளிலும் வைத்தாள்.