எங்கள் மனை மேல் போட்ட ரோடு

என் கணவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. திருநெல்வேலியிலிருந்து வந்து மந்தைவெளியில் ஒரே அறையில் ஒண்டுக் குடித்தனம் நடத்தினோம். தண்ணீர்க் குழாய்க்கும் கக்கூஸுக்கும் வரிசை. அதனால்தான் என் நகைகளை விற்று, அறுபதுகளின் கடைசியில் அடையாற்றில் ஒரு மனை வாங்கினோம். ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்போம். எது அடுப்படி, எது தாழ்வாரம் என்று நான் குச்சியால் மண்ணில் கீறிக் காட்டுவேன்.

வீடு கட்ட அனுமதி கேட்டு கார்ப்பரேஷன் ஆபீஸில் மனு போட்டோம். தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நகரத்தின் எதிர்காலத் திட்டத்தில் எங்கள் மனை வழியே ஒரு பெரிய ரோடு வருகிறதாம். ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்த என் கணவர் முகத்தில் வருத்தமே இல்லை.

"இன்னும் இருபது வருஷத்துல பட்டணம் எப்படி இருக்கணும்னு இப்பமே கோடு போட்டிருக்கான். படிச்சவன் வேலைன்னா இப்படில்லா இருக்கணும்!"

"அந்தக் கோடு நம்ம அடுப்படி மேலல்லா போகுது?"

"சும்மாவா எடுப்பான்? நஷ்டஈடு தருவான். பொறு."

பொறுத்தோம். ரோடும் வரவில்லை, நஷ்டஈடும் வரவில்லை. அனுமதி கேட்டுப் போகும்போதெல்லாம் அதே பதில். எங்கள் மகள் அந்த ஒற்றை அறையிலேயே வளர்ந்து கல்யாண வயதுக்கு வந்துவிட்டாள். வரன் பார்க்க வந்தவர்கள் உட்காரக்கூட இடமில்லாமல் வாசலில் நின்றார்கள்.

கடைசியில் ஒரு தரகர் வந்தார். "இன்னா சார், ரோட்டுக்குப் போற எடத்த எவன் வாங்குவான்? ஏதோ ஒரு பார்ட்டி கீறாரு. குடுக்கறத வாங்கிக்கினு தள்ளி உடு" என்றார். விற்று மகள் கல்யாணத்தை முடித்தோம்.

மறு வருஷம் பெசன்ட் நகர் பஸ்ஸில் போகும்போது அந்த மனையைப் பார்த்தேன். சாரம் கட்டி, மாடி எழும்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். நம்பாமல் மறுநாளே கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அந்த ஆபீஸுக்குப் போனார்.

மத்தியானம் திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் பாயில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ரோட்டை மாத்திட்டாங்களாம். தெக்க தள்ளிப் போகுதாம்."

"எப்ப மாத்துனாங்களாம்?"

"நாம விக்கதுக்கு முன்னாலயே."

வாங்கியவருக்கு அது முன்கூட்டியே தெரியும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் கத்தினேன். குழாயடியில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் தலை குனிந்தபடி, "திட்டம்னா மாறத்தான் செய்யும். ஒருத்தரைப் பாத்தா ஊரை வளக்க முடியுமா?" என்றார். யாரோ சொல்லி அனுப்பியதை ஒப்பிப்பது போலிருந்தது.

சோறு போட்டேன். பிசைந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து கடைக்குக் கிளம்பினார். மகளிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் எதற்குப் "பொறு" என்று சொன்னாலும் அடுத்த அறைக்குப் போய்விடலாம் போலிருக்கும். போவதற்கு அடுத்த அறை இல்லை.