ஒத்தைக் கால் சாக்ஸ்

சந்தேகப்படுவது என் சுபாவம். பால்காரர் அளந்து ஊற்றும்போது நான் பாலைப் பார்க்க மாட்டேன், ஆழாக்குக்குள் அவர் கட்டைவிரல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் இதனால் எனக்குக் கெட்ட பேர். இருந்துவிட்டுப் போகட்டும். ஏமாந்தவள் என்ற பேருக்கு இது மேல்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்கால ஆரம்பத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் தையல் வேலையை ஏஜென்ட் அக்கா ஒருவர் வீடு வீடாகக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அதுவரை எனக்கு வந்தது சுருக்குப்பை, தலையணை உறை, கதவில் கட்டும் துணித் தோரணம். இந்த முறை மூட்டையைப் பிரித்தால் கெட்டியான சிவப்புக் கம்பளித் துணி, சாக்ஸ் வடிவத்தில் வெட்டியது. யானைக்குட்டிக்குப் போடலாம், அவ்வளவு பெரிசு. இரண்டு துண்டைச் சேர்த்து மெஷினில் ஓட்டி, மேலே வெள்ளைப் பட்டை வைத்து, முன்பக்கம் ஒரு வெள்ளை நட்சத்திரத்தைக் கையால் தைக்க வேண்டும்.

"வெளிநாட்ல கிறிஸ்மஸுக்கு ஊட்ல மாட்டுவாங்களாம். இதே மாதிரி வரணும்" என்று மாதிரி ஒன்றைக் கொடுத்தார். அதன் விரல் பக்கம் இடதுபுறம் பார்த்தது.

"இன்னொரு கால் எங்கக்கா?"

"அதெல்லாம் இல்ல. ஒண்ணுதான்."

நான் நம்பவில்லை. உலகத்தில் எவனாவது ஒற்றைக் காலுக்கு சாக்ஸ் போடுவானா? வலது காலை வேறு தெருவில் கொடுக்கிறார், ஒரு வீட்டிலேயே முழு ஜோடியும் தைத்தால் நாம் தொழிலைக் கற்றுக்கொண்டு நேரே கம்பெனிக்குப் போய்விடுவோம் என்ற பயம், என்று முடிவு கட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண் கிறிஸ்துவர். அவளிடம் காட்டினேன். "நாங்க ஸ்டார்தான்க்கா கட்டுவோம். சாக்ஸெல்லாம் எங்க சர்ச்சுல கெடையாது" என்றவள், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கும் இந்த வேல கெடைக்குமாக்கா?" என்றாள். உடனே சாக்ஸை வாங்கி மூட்டைக்குள் போட்டேன்.

என் மாமியாரிடம் நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "ஒத்தக் கால்ல இன்னாமே கீது? நல்ல வேலையாத் தெர்ல. எவனோ எவனுக்கோ வெக்கிற செய்வினை." சின்ன வயதில் திருநின்றவூர்ப் பக்கம் நாற்று நட்டவர். மெஷின் வந்த நாளிலிருந்தே அவருக்கு அது ஆகாது, கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டது என்பார். அந்த வீட்டில் என்னுடையது என்று இருந்தது அது ஒன்றுதான். அதில் வேலை ஓடினால்தான் அது அங்கே நிற்கும். அதனால் காதில் வாங்காமல் தைத்தேன். முடித்ததை அடுக்கி, சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, அலமாரி மேல் வைத்தேன்.

மூட்டையைக் கொண்டுபோன ஏஜென்ட் அக்கா இரண்டு நாளில் அதே மூட்டையோடு வந்தார். வாசலிலேயே கொட்டினார்.

"கம்பெனில காறித் துப்பாத கொறதான். பாதி இந்தாண்ட பாக்குது, பாதி அந்தாண்ட பாக்குது. மாதிரி குடுத்தேன் இல்ல? வெள்ளிக்கெழமக்குள்ள சரி பண்ணிக் குடு. இல்லன்னா வேற ஊடு பாத்துக்கறேன்."

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். துணி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. நட்சத்திரத்தையும் பட்டையையும் பிரித்துப் பின்பக்கத்தில் தைத்துவிட்டால் இடது கால் வலது காலாகிவிடும். யாரோ அதைத்தான் செய்திருந்தார்கள், ஒன்று விட்டு ஒன்றாக. யார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வேலை கிடைக்குமா என்று கேட்டவள், கத்திரிக்கோல் வேண்டும் என்று அடிக்கடி உள்ளே வந்து போனவள். பக்கத்து வீட்டுக்கே கிளம்பிவிட்டேன், கையில் ஆதாரமாக ஒரு வலது கால். போகிற போக்கில் அதை உதறினேன். சிவப்பு சிமெண்டுத் தரையில் வெள்ளையாக ஏதோ கொட்டியது. விபூதி.

இன்னொன்றை எடுத்து உதறினேன். அதன் விரல் நுனியிலும் ஒரு சிட்டிகை. கிறிஸ்துவப் பெண் விபூதி வைக்க மாட்டாள். திரும்பிப் பார்த்தேன். மாமியார் அரிசி புடைப்பதை நிறுத்தியிருந்தார்.

"நீங்களா அத்தே?"

"நீ ரேசனுக்கும் தண்ணிக்கும் போன நேரமாப் பாத்து கொஞ்சங்கொஞ்சமாப் பண்ணேன்." குரலில் பயமே இல்லை. "போன மாசம் பட்டறைல எம்புள்ளயோட வேல செஞ்சவன் கால்ல இரும்பு வுழுந்து கால எடுத்தாங்களே, மறந்துட்டியா? அதே மிசின்ல இப்போ அவன் நின்னுகினு கீறான். நீ இங்க குந்திகினு ஒத்தக் கால் ஒத்தக் காலா தைச்சிகினு கீறே. பெத்தவளுக்குத் தாங்குமாடி? அதான் துன்னூறு போட்டு ஜோடி ஜோடியாக்குனேன்."

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். என் பிழைப்பில் மண்ணைப் போட்டீர்கள் என்றேன். வேலை போனால் மெஷினைத் தூக்கிப் போடலாம் என்று பார்த்தீர்களா என்றும் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். தான் தைத்த நட்சத்திரங்களையும் பட்டைகளையும் தானே பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றைப் பிரிக்கும்போதும் வாய் ஏதோ முணுமுணுத்தது. என்னைத் திட்டுகிறார் என்று நினைத்துக் காதைத் தீட்டினேன். வேண்டுதல்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. என் கணவர் செருப்பைக் கழற்றினார். நான் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். இடது, வலது. நிமிர்ந்தால் மாமியாரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவர் கண்களும் சந்தித்தன. "இன்னா, ரெண்டு பேரும் அப்டிப் பாக்கறீங்க?" என்றார் என் கணவர்.

வெள்ளிக்கிழமை ஏஜென்ட் அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எண்ணினார். எல்லாம் இடது பக்கம் பார்த்தன. வேலை தப்பித்தது. ஆனால் ஒன்று குறைந்தது. மாதிரிக்குத் தந்ததையும் காணோம் என்றார்.

"எங்க போச்சி ரெண்டும்?"

"தெரியலையேக்கா."

அந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார், அப்புறம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மாமியார் நகர்ந்து வந்து உள் கதவை மறைத்தாற்போல் நின்றார். கதவுக்குப் பின்னால், என் கணவர் வேலைச் சட்டை மாட்டும் ஆணியில், இடதும் வலதுமாக ஒரு ஜோடி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அக்கா என்னைத் திருடி என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும்.